துபாஷி செய்த வேலையைச் செயலி செய்யுமா?



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவரின் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். எம்.பி.ஏ. படிக்கிறாள். கல்லூரியில் ஒரு ஆய்வு கொடுத்திருக்கிறார்களாம். "தாத்தா, நம்ம ஊர்ல இத்தனை ஆஸ்பத்திரி இருக்கு. வெளிநாட்டுக்காரங்களும் வர்றாங்க. பஸ் டிக்கெட் போடுற மாதிரி, ஓட்டல் ரூம் போடுற மாதிரி, வெளிநாட்டு நோயாளிங்க வந்து வைத்தியம் பாத்துக்க ஒரு ஆப் ஏன் இங்க நிக்கல?" என்று கேட்டாள்.

நான் சரித்திர வாத்தியார். வியாபாரம் தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதற்கு எங்கள் குடும்பம் ஒரு விலையும் கொடுத்திருக்கிறது. அவளிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். "இதை எழுதிக் குடுங்க தாத்தா" என்றாள். எழுதியதை உங்களுக்கும் தருகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மார்க்கெட்டை ஒட்டி நிற்கிற ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையிலிருந்து தொடங்குகிறேன்.

ஆனந்தரங்கப் பிள்ளையை நாட்குறிப்பு எழுதியவராக நமக்குத் தெரியும். 1736-இல் தொடங்கி 1761-இல் தாம் இறக்கும் வரை எழுதினார். ஆனால் அவருடைய தொழில் எழுத்து இல்லை. அவர் துபாஷி. இரண்டு பாஷை தெரிந்தவர் என்பது சொல்லின் பொருள். பிரெஞ்சுக் கம்பெனிக்கும் இந்த மண்ணின் நெசவாளிக்கும் வியாபாரிக்கும் இடையில் நின்றவர். கப்பலில் வந்தவனுக்கு இங்கே யாரிடம் நல்ல துணி கிடைக்கும், என்ன விலை, முன்பணம் கொடுத்தால் சரக்கு வருமா என்று எதுவும் தெரியாது. தறிக்காரனுக்கும் கப்பல்காரன் நாளைக்கு இருப்பானா என்று தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே ஆள் துபாஷி.

இன்றைக்கு இணையத் தளங்கள் செய்கிற வேலையும் இதுதான். வாங்குகிறவன் ஒரு பக்கம், விற்கிறவன் ஒரு பக்கம், நடுவில் தளம். சரக்கு தளத்துக்குச் சொந்தமில்லை. ரெட்பஸ்ஸுக்கு என்று ஒரு பேருந்துகூட இல்லாமல்தான் 2006-இல் பெங்களூரில் தொடங்கினார்கள். இரண்டு பேரையும் சேர்த்து வைப்பதற்குக் கூலி, அவ்வளவுதான். பழைய தமிழில் தரகு, ஆங்கிலத்தில் கமிஷன்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளையின் உறவினர் நைனியப்பப் பிள்ளை. அவருக்கு முன்பே புதுச்சேரியில் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்தவர். 1716-இல் கவர்னர் எபேர் காலத்தில் அவரைக் கைது செய்தார்கள். விசாரித்துத் தண்டித்தார்கள். மறு வருஷமே சிறையில் இறந்தார். அவர்மீது சாட்டிய குற்றம் நிற்காது என்று பிற்பாடு பிரான்சில் முடிவானது. அது அநியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்துத் தரகன் ஊருக்குள் இருந்தான். அவன் வீடு எது, உறவு யார், சொத்து எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். பேரம் கெட்டால் பிடிப்பதற்கு ஒரு ஆள் இருந்தான். அவன் தரகு வாங்கினான். கூடவே பிணையாகவும் நின்றான்.

இந்தப் "பிணை" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத்தான் வந்து சேரப்போகிறோம்.

இப்போது வைத்தியத்துக்கு வருவோம். இந்த விஷயத்தில் நம் ஊர் புதிய ஊர் இல்லை. 1823-லேயே பிரெஞ்சு அரசாங்கம் இங்கே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. இரண்டு வருஷத்தில் அந்தப் பள்ளியின் தொடர்ச்சியாக தன்வந்திரி மருத்துவக் கல்லூரி வந்தது. அதுதான் 1964-இல் கோரிமேட்டில் ஜிப்மர் ஆனது. இன்றைக்குப் புதுச்சேரிப் பகுதியில் மட்டும் எட்டு மருத்துவக் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணலாம். 2003-இல் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையும் வந்துவிட்டது. வைத்தியர்களுக்குக் குறைவில்லை.

வெளிநாட்டுத் தொடர்புக்கும் குறைவில்லை. 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் தேர்ந்துகொள்ள ஆறு மாதம் கொடுத்தார்கள். அப்படித் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இன்றும் நம் தெருக்களில் இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற "சொல்தா" வீடு இல்லாத தெரு பழைய ஊரில் உண்டா? அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிசிலும் ரெயூனியனிலும் இருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் ஊருக்கு வருவார்கள். கல்யாணம் பார்ப்பார்கள், பல் கட்டிக்கொள்வார்கள், கண்ணாடி மாற்றுவார்கள், சர்க்கரை பரிசோதிப்பார்கள், திரும்பிப் போவார்கள். யாரும் இதை "மருத்துவச் சுற்றுலா" என்று சொன்னதில்லை. பெரும்பாலோர் மருத்துவ விசாவில் வருவதும் இல்லை. அதனால் அரசாங்கக் கணக்கிலும் ஏறுவதில்லை.

அப்படியானால் நோயாளி எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை எப்படி முடிவு செய்தார்? பக்கத்துத் தெரு மச்சான் சொன்னார், போனார். துபாஷி முறை சாகவில்லை, வீட்டுக்குள் வந்துவிட்டது.

வேலூரைப் பாருங்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம், இன்று சி.எம்.சி. கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ் பெயர்ப்பலகைகள் வங்க மொழியில். மீன் குழம்பு வங்காளத்து ருசியில். சென்னையில் 1983-இல் அப்போலோ வந்த பிறகு கிரீம்ஸ் சாலைப் பக்கமும் அப்படித்தான் ஆனது. இதில் எதையும் எந்தச் செயலியும் உண்டாக்கவில்லை. போய்க் குணமாகி வந்தவன் ஊரில் பத்துப் பேரிடம் சொன்னான். லாட்ஜ்காரரும் மொழிபெயர்ப்பவரும் ஆட்டோக்காரரும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இவர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏமாந்தவர்களும் உண்டு. ஆனால் முறை இப்படித்தான் வளர்ந்தது.

பிறகு அரசாங்கம் இதைத் தொழிலாகப் பார்க்கத் தொடங்கியது. 2002-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, வெளிநாட்டு நோயாளிக்குச் செய்கிற வைத்தியத்தை ஏற்றுமதியாகவே கருதலாம் என்றது. மருத்துவ விசா வந்தது. 2017-இல் அதையே இணையத்தில் விண்ணப்பிக்க வழி செய்தார்கள். 2019-இல் ஏறத்தாழ 7 லட்சம் பேர் வைத்தியத்துக்காக இந்தியா வந்தார்கள். பெரும்பகுதி வங்கதேசத்தவர். 2020-இல் கொரோனாவால் அது 2 லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

இந்த எண்கள் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான், 2017-இல், என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஒரு பையன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். லாஸ்பேட்டைப் பையன். கெட்டிக்காரன். "சார், பிரான்சுல இருக்கிற நம்ம ஆளுங்க, ரெயூனியன் ஆளுங்க, எல்லாரும் எப்படியும் இங்க வந்து வைத்தியம் பாக்குறாங்க. அதை ஒழுங்கா ஒரே இடத்துல கொண்டுவரப் போறேன். ஆஸ்பத்திரி, தங்குற வீடு, கார், மொழிபெயர்ப்பு எல்லாம் ஒரே தளத்துல. நீங்க தமிழும் பிரெஞ்சும் பாத்துக் குடுங்க" என்றான். எனக்கும் ஆசை. ஓய்வு பெற்றவனுக்கு யாராவது ஒரு வேலை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வருஷம் அவன் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முட்டிய இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, விலை. பேருந்து என்றால் இருக்கை எண், புறப்படும் நேரம், கட்டணம் என்று மூன்றே விவரம். உடம்பு அப்படி இல்லை. முழங்கால் மூட்டு மாற்ற என்ன ஆகும் என்று கேட்டால் எந்த ஆஸ்பத்திரியும் ஒரு எண் சொல்லவில்லை. "இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை" என்றார்கள். அது தப்பும் இல்லை. நோயாளிக்குச் சர்க்கரை எவ்வளவு, இதயம் எப்படி என்று பார்க்காமல் எப்படிச் சொல்வார்கள்? 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. ஆனால் மூட்டு என்பது பில்லில் ஒரு வரிதான். அறை, ஆபரேஷன் தியேட்டர், மருந்து, இயன்முறை வைத்தியம் எல்லாம் தனித்தனி வரி. தளத்தில் ஒரு எண்ணைப் போட்டால்தான் ஆள் வருவான். போட்ட எண்ணும் கடைசிப் பில்லும் ஒத்துப்போகாது. பாதி நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

இரண்டாவது, தரகு. இதுதான் பெரிய சுவர். இணையத் தளம் பிழைப்பதே கமிஷனில். ஆனால் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் கமிஷன் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்கின்றன. விளம்பரம் செய்து நோயாளி பிடிப்பதும் கூடாது. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன. அதே மாதத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, பழைய விதிகளையே தொடரச் சொன்னார்கள். நேர்மையான மருத்துவர்கள் என் மாணவனிடம், "தம்பி, உன் வேலை நல்ல வேலை, ஆனா நான் உனக்குப் பணம் தர முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். வேறு சிலர் "எத்தனை பர்சென்ட்?" என்று அவர்களே கேட்டார்கள். இவன் யோசித்தான். கமிஷன் தருகிறவர்களை மட்டும் தளத்தில் மேலே காட்டினால், தன்னை நம்பி வருகிறவனுக்குத் துரோகம். தராதவர்களைக் காட்டினால் தனக்குச் சோறு இல்லை. இந்த விதியை ஒரு தடை என்று வியாபாரப் பாடத்தில் எழுதுவார்கள். நோயாளியின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது வேலி.

மூன்றாவது, திரும்ப வருதல். பேருந்தில் மாதம் இரண்டு தடவை போகிறோம். சாப்பாட்டை வாரம் நான்கு தடவை வரவழைக்கிறோம். ஒரு தடவை பிடித்த வாடிக்கையாளர் நூறு தடவை காசு தருவார். முழங்கால் எத்தனை தடவை மாற்றுவீர்கள்? ஒவ்வொரு நோயாளியையும் புதிதாகத் தேட வேண்டும். தேடுவதற்குக் கூகுளுக்கு விளம்பரக் காசு கட்ட வேண்டும். அப்படித் தேடிக் கொண்டுவந்தவரும் முதல் சந்திப்பு முடிந்ததும் டாக்டரின் வாட்ஸ்அப் எண்ணை வாங்கிக்கொள்வார். அடுத்த முறை அவருடைய மச்சினிச்சி வருவதென்றால் நேரே டாக்டருக்கே போன். தளம் தெருவில் நிற்கும்.

நான்காவது, எல்லை. பாரிசில் இருக்கிறவர் புறப்படுவதற்கு முன்னால் இங்குள்ள டாக்டரிடம் முகம் பார்த்துப் பேச ஆசைப்படுவார். நியாயம்தானே? 2020 மார்ச்சில் தொலைமருத்துவ வழிகாட்டுதல் வந்தபோது மாணவன் சந்தோஷமாக ஓடி வந்தான். படித்துப் பார்த்தோம். இந்தியாவுக்கு வெளியே உள்ள நோயாளிக்கு ஆலோசனை சொல்வது இதில் அடங்காது என்று இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் அந்த நாட்டுச் சட்டம். தவறு நடந்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

ஐந்தாவது, காப்பீடு. பிரெஞ்சு சமூகக் காப்பீடு, ஐரோப்பாவுக்கு வெளியே திட்டமிட்டுப் போய்ச் செய்துகொள்கிற வைத்தியத்துக்குப் பொதுவாகப் பணம் தராது. அவசரம் என்றால்தான், அதுவும் அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான். ஆகவே கையில் காசு வைத்திருப்பவர் மட்டுமே வருவார். அங்கே இலவசமாகக் கிடைக்கிற ஆபரேஷனுக்கு இங்கே காசு கொடுத்து ஏன் வர வேண்டும்? அங்கே காத்திருக்கும் நாள் அதிகம், இங்கே சொந்தம் பக்கத்தில் இருக்கும். இந்த இரண்டு காரணம்தான். இரண்டாவது காரணத்தை எந்தச் செயலியும் விற்க முடியாது.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. வெளிநாட்டவரைத் தங்க வைக்கிற வீடோ லாட்ஜோ ஆஸ்பத்திரியோ 24 மணி நேரத்துக்குள் சி படிவம் பதிய வேண்டியிருந்தது. தங்க இடம் தருகிற பல வீட்டுக்காரர்கள் அதற்குப் பயந்தே நோயாளிகள் வேண்டாம் என்றார்கள். நம் விமான நிலையத்தில் விமானம் வருவதும் நிற்பதுமாக இருக்கும். சென்னையில் இறங்கி 150 கிலோமீட்டர் காரில் வர வேண்டும். ஆபரேஷன் முடிந்த காலோடு அதே தூரம் திரும்பப் போக வேண்டும்.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பான். ஆறாவதாக ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

என் அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாரிசுக்கு வெளியே இருக்கிறார்கள். முழங்கால் தேய்ந்து நடக்க முடியாமல் இருந்தார். அங்கே முறை வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். நான் போனில், "நம்ம பையன் ஒரு தளம் வச்சிருக்கான், நம்பி வாங்க" என்றேன். 2019 ஜனவரியில் வந்தார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். சர்க்கரை ஏறியிருந்ததால் நான்கு நாள் கூடுதலாக இருந்தார். தளத்தில் பார்த்த தொகையைவிடப் பில் அதிகமானது. அத்தான் முகம் சுளித்தார், ஆனால் கட்டினார். மூன்றாவது வாரம் கைத்தடியோடு நடந்து விமானம் ஏறினார். எங்களுக்கெல்லாம் பெருமை.

ஏப்ரலில் அக்கா போன் செய்தாள். கால் வீங்கிச் சிவந்து காய்ச்சல் அடிக்கிறது. அங்குள்ள டாக்டர் முதலில் கேட்டது, உள்ளே வைத்திருக்கும் மூட்டு எந்தக் கம்பெனி, என்ன அளவு, என்ன எண்? என்ன ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள்? அத்தான் கையில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷனைப் பற்றி இரண்டே வரி. மூட்டின் எண் இல்லை. தளத்தில் எழுதிக் கேட்டார்கள். "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று தானாக ஒரு பதில் வந்தது. அந்தப் பதிலைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

அக்கா அன்றைக்கு இரவு மறுபடியும் கூப்பிட்டாள். கத்தவில்லை. "தம்பி, நாங்க அந்த வெப்சைட்ட நம்பி வரலடா. நீ சொன்னதாலதானே வந்தோம்" என்றாள்.

முப்பத்தொரு வருஷம் வகுப்பில் துபாஷிகளைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். தரகன் பிணை நிற்பது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை நானும் அந்தப் பையனும் அவன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதிவேட்டு அறைக்கும் மேலாளர் அறைக்கும் நடந்தோம். நோயாளியே எழுதித் தர வேண்டும் என்றார்கள். அத்தானிடம் கடிதம் வாங்கி வந்தோம். அப்புறம் கோப்பு வேறு இடத்தில் இருக்கிறது என்றார்கள். மூன்றாம் நாள் கோப்பு கிடைத்தது. ஆபரேஷன் செய்யும்போது மூட்டுப் பெட்டியிலிருந்து பிரித்து ஒட்டும் ஸ்டிக்கர் உள்ளே பத்திரமாக இருந்தது. கம்பெனி, அளவு, எண் எல்லாம் அதில். ஆக, விவரம் எங்கேயும் தொலைந்து போகவில்லை. அதை நோயாளி கையில் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். போட்டோ எடுத்து அனுப்பினோம். அங்கே மறுபடியும் திறந்து சுத்தம் செய்து, வாரக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். அத்தான் பிழைத்துக்கொண்டார். கால் முழுதாக மடங்குவதில்லை. கோவிலில் தரையில் உட்கார முடியவில்லை என்று இன்றும் சொல்வார். கிருமி எங்கே நுழைந்தது என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எந்த நாட்டிலும் இந்த ஆபரேஷனில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு. நான் ஆபரேஷனைக் குறை சொல்லவில்லை. அந்த மூன்று நாளைத்தான் சொல்கிறேன்.

பையன் அந்த வருஷமே புதிய நோயாளிகளைச் சேர்ப்பதைக் குறைத்துவிட்டான். 2020-இல் கொரோனா வந்தது. மூடிவிட்டான். எல்லாரும் கொரோனாவால் மூடியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் என்னிடம் சொன்னது வேறு. "சார், நூறு பேருக்கு நான் இந்த மாதிரி வண்டி எடுத்துக்கிட்டு ஓட முடியாது. ஓடலன்னா இந்தத் தொழில செய்யக் கூடாது."

இதுதான் விஷயம். தளம் என்ற வியாபாரத்தின் லாபமே ஆள் இல்லாமல் நடத்துவதில் இருக்கிறது. பத்துப் பேருக்குச் செய்ததை அதே செலவில் பத்தாயிரம் பேருக்குச் செய்ய வேண்டும். வைத்தியத்தில் நோயாளிக்குத் தேவைப்படுவதோ, கெட்ட நாளில் வண்டி எடுத்துக்கொண்டு ஓடுகிற ஒரு ஆள். மற்ற தடைகளை விதி மாற்றியும் மென்பொருள் எழுதியும் தாண்டலாம். இது மட்டும் தொழிலின் அடித்தளத்திலேயே இருக்கிற முரண்பாடு.

"அப்போ கம்ப்யூட்டரே வேணாங்கிறீங்களா தாத்தா?" என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை. அரவிந்த் மருத்துவமனையின் கிராமப்புறக் கண் மையங்களைப் பாருங்கள். டாக்டர் தூரத்தில் திரையில் இருப்பார். ஆனால் நோயாளியின் முன்னால் பயிற்சி பெற்ற ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். கண்ணைச் சோதிப்பாள், படத்தை அனுப்புவாள், டாக்டர் சொன்னதைப் புரியும்படி சொல்வாள். அடுத்த மாதமும் அதே ஊரில் இருப்பாள். அங்கே கருவி ஆளை அகற்றவில்லை, ஆளுக்குத் துணையாக இருக்கிறது. பொறுப்பு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. ஆஸ்பத்திரியும் மையமும் ஒரே நிறுவனம்.

பதிவேட்டு விஷயத்தில் அரசாங்கம் ஏதோ செய்யத் தொடங்கியிருக்கிறது. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் வந்தது. ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை ஒரு எண்ணோடு சேர்த்து வைக்கிற ஏற்பாடு. பிரான்சிலும் 2022-இல் 'மோன் எஸ்பாஸ் சாந்தே' என்று அதே மாதிரி ஒன்று தொடங்கினார்கள். ஆனால் அத்தானைப் போல மூன்று வாரம் வந்து போகிறவருக்கு, இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசினால்தானே பயன்? 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்திருக்கிறது. நோயாளியின் கோப்பை யார் யாருக்கு அனுப்பலாம் என்பதில் இனி இன்னும் கவனம் வேண்டும். நல்லதுதான்.

புதிதாக யாராவது இந்தத் தொழிலைத் தொடங்கினால், நான் இரண்டே கேள்வி கேட்பேன். உனக்குக் காசு தருகிறவர் யார்? ஆஸ்பத்திரியா, நோயாளியா? நோயாளி என்றால் தொடங்கு. அவரிடம் கட்டணத்தை வெளிப்படையாக வாங்கு, பிறகு அவருக்கு மட்டும் வேலை செய். இரண்டாவது, ஆபரேஷன் முடிந்த ஆறாவது மாதம் நோயாளி போன் செய்தால் எடுக்கிற ஆளின் பெயர் என்ன? பெயர் இல்லை என்றால் தொடங்காதே.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து வைத்தியத்துக்கு வருகிற நம் சொந்தக்காரர்களுக்கு ஒரு வாத்தியாரின் வேண்டுகோள். சேருவதற்கு முன், என்னென்ன காரணத்தால் செலவு கூடலாம் என்று எழுத்தில் கேளுங்கள். ஊர் திரும்புமுன் ஆபரேஷன் குறிப்பின் நகல், உள்ளே வைத்த பொருளின் ஸ்டிக்கர், கொடுத்த மருந்துகளின் பட்டியல், ரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே ஆகியவற்றைக் கையில் வாங்குங்கள். இரவில் கூப்பிட்டாலும் எடுக்கிற ஒருவரின் எண்ணும் இருக்கட்டும். இவை இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

அந்தப் பையன் இப்போது ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். ஆனாலும் டிசம்பர் வந்தால் பாரிசிலிருந்து அவனுக்கு போன் வருகிறது. "தம்பி, பல்லுக்கு யார்கிட்ட போகலாம்?" சொல்கிறான். காசு வாங்குவதில்லை. தளம் மூடி வருஷக்கணக்காகிறது, துபாஷி வேலை மட்டும் அவனை விடவில்லை.

அத்தான் இந்த டிசம்பரில் வருகிறார். இன்னொரு முழங்காலும் வலிக்கிறதாம். எங்கே செய்யலாம் என்று அக்கா என்னைத்தான் கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி வந்து போனவர்கள் இருப்பார்கள். நல்லதோ கெட்டதோ, ஊர் ஆஸ்பத்திரி பெயர் போடாமல் எழுதுங்கள். அந்தப் பெண்ணின் ஆய்வுக்கு உதவும். எனக்கும் அக்காவுக்குப் பதில் சொல்ல உதவும்.